டப்பாவைத் தொடாதேன்னு சொல்ல நீங்க யாரு சாமி?

பழைய மாருதி ஆம்னி வேனுக்கு வீட்டுலயே ஒரு இக்னிஷன் கன்ட்ரோலர் செஞ்சு மாட்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். (ஆம்னின்னதும் பொங்கலுக்கு டிக்கெட் விலையை ஏத்துற பஸ்னு நெனச்சுக்காதீங்க. இது நம்ம சினிமாவுல ஹீரோயினைக் கடத்துறதுக்குன்னே வெச்சிருக்கிற வேன்.) இந்த ஒரு வரியை எங்க போய்ச் சொன்னாலும் ரெண்டு கோஷ்டி கிளம்பி வருது.

முதலாவது, 'தொடாதே' கோஷ்டி. "கம்பெனிக்காரன் எத்தனை இன்ஜினியரை வெச்சு செஞ்சிருப்பான், நீ மொட்டை மாடி ரூம்ல உக்காந்து சால்டர் பண்ணி அதை மாத்துவியா? வண்டி பத்திக்கிட்டு எரிஞ்சா என்ன பண்ணுவே?"

ரெண்டாவது, 'சும்மா போடு பாஸ்' கோஷ்டி. "இதெல்லாம் ஒரு மேட்டரா? ஒரு ஆர்டுயினோ, ஒரு ரிலே, நாலு ஜம்பர் ஒயர். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிரலாம்."

ரெண்டு பேரும் எதிரெதிர் கட்சி மாதிரித்தான் தெரியும். உத்துப் பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. ரெண்டு பேருமே அந்த டப்பாவை மந்திரம்னு நம்புறாங்க. ஒருத்தர் மந்திரத்தைப் பாத்து பயப்படுறார், இன்னொருத்தர் மந்திரம் தானா வேலை செஞ்சிடும்னு நெனைக்கிறார். உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ரெண்டு பேருமே தயாரா இல்லை. இந்தப் பதிவு ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல வண்டியைப் பத்தி

1984ல 'மாருதி வேன்'னு வந்தது, 1988ல ஆம்னின்னு பேர் மாத்தினாங்க, புதுப் பாதுகாப்பு விதிகள் வந்ததும் 2019ல தயாரிப்பை நிறுத்தினாங்க. 796 சிசி, மூணு சிலிண்டர். முன்சீட்டுக்கு அடியில இன்ஜின். அதாவது நாம அடுப்பு மேலதான் உக்காந்து ஓட்டுறோம். இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

இந்த வண்டியை இன்னும் யார் ஓட்டுறாங்கன்னு தெருவுல நின்னு பாருங்க. விடியக்காலையில மார்க்கெட்டுக்குப் போற பூக்காரர், இட்லி மாவு சப்ளை பண்றவர், பந்தலுக்கு மைக் செட் கட்டுறவர், ஸ்கூல் புள்ளைங்களை ஏத்திட்டுப் போற அண்ணன். ஆசைக்குப் பழைய வண்டி வெச்சிருக்கிறவங்க இவங்க கிடையாது. அடுத்த வண்டி வாங்குற காசு அவங்க கையில இல்லை, அவ்ளோதான். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதுக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கலாம். வண்டி தகுதியா இருந்தா சட்டமே ஓட்டச் சொல்லுது.

ஆனா இன்ஜின் நல்லா இருக்கும்போதே வண்டி செத்துப் போகுது. எப்படி? உள்ளங்கை அளவு சாமான் ஒண்ணு சரியா கிடைக்காம. கிடைச்சாலும் தரம் இல்லாம. ஒரு பட்டறையில (பேர் வேண்டாம்) எனக்கே சொன்னாங்க, "சார், இதுக்கு இனிமே நல்ல பாயின்ட் செட் வராது, வண்டியைத் தள்ளி விட்டுருங்க"ன்னு. எட்டு வருஷம் ஓடக்கூடிய இன்ஜினை, ஒரு ஜோடி தொடுமுனைக்காக எடைக்குப் போடணுமாம். நல்லா இருக்குதுங்க நியாயம்.

அந்தப் பாயின்ட் அப்படி என்னதான் செய்யுது?

கார்புரேட்டர் காலத்து வண்டியில டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள சி.பி. பாயின்ட்னு ஒண்ணு இருக்கும். ரெண்டு உலோக முனை. தொட்டுக்கிட்டிருக்கும்போது இக்னிஷன் காயிலுக்குள்ள கரண்ட் ஏறும். ஷாஃப்ட் சுத்தி, அதுல இருக்கிற கேம் அந்த முனைகளைப் பிரிக்கிற நொடியில கரண்ட் பட்டுனு நிக்கும். அந்த அதிர்ச்சியில காயிலோட இன்னொரு பக்கத்துல பத்தாயிரக்கணக்கான வோல்ட் எகிறி, பிளக்குல பொறி விழும். அவ்ளோதான் இக்னிஷன்.

இதுல ஒரு சிக்கல். பெட்ரோல் எரிஞ்சு முடிய நேரம் எடுக்கும். அதனால பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பொறி விழணும். இன்ஜின் வேகமா சுத்தினா இன்னும் முன்னாடி விழணும். இதைத்தான் மெக்கானிக்குங்க 'டைமிங்'னு சொல்றது. அந்தக் காலத்துல இந்தக் கணக்கைப் போட்டது ரெண்டு குட்டி எடைக்கல்லும் ரெண்டு ஸ்பிரிங்கும். வேகம் ஏற ஏற எடை வெளிய தள்ளும், டைமிங் முன்னாடி நகரும். கூடவே வேக்குவத்துல இழுக்கிற ஒரு டயாஃப்ரம். அழகான வேலை, கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா முப்பது வருஷம் கழிச்சு அந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். ஷாஃப்ட் புஷ் தேய்ஞ்சு ஆடும். பாயின்ட்டை உரசுற கட்டை தேயத் தேய இடைவெளி குறைஞ்சு டைமிங் பின்னாடி போகும். இது யார் தப்பும் இல்லை. உரசுற சாமான் தேயத்தான் செய்யும்.

இந்த ஏற்பாடு எங்க பொறந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல டேட்டன்னு ஒரு ஊர். அங்க எட்வர்ட் டீட்ஸ்ங்கிறவர் வீட்டுக் கொட்டகையில, சார்லஸ் கெட்டரிங்னு ஒரு ஆளு, பகல்ல கம்பெனி வேலையைப் பாத்துட்டு, ராத்திரியில கூட்டாளிங்களோட உக்காந்து குடைஞ்சது. அதைத்தான் காடிலாக் கம்பெனி தன் 1910 மாடல் காருக்கு எடுத்துக்கிச்சு. அதுலருந்து பொறந்ததுதான் பின்னாடி டெல்கோ கம்பெனி. ஆக, 'தொடாதே' கோஷ்டி அண்ணன்களே, நீங்க தெய்வமா கும்பிடுற அந்த பாயின்ட்டே கொட்டகையில பொறந்த வீட்டு வேலைதான் :-)

டப்பாவுக்குள்ள இருக்கிறது கணக்கு

இப்ப அந்த எடைக்கல், ஸ்பிரிங், பாயின்ட் மூணையும் எடுத்துட்டு, ஒரு ஹால் சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், காயிலை ஆன் ஆஃப் பண்ண ஒரு ஐ.ஜி.பி.டி. டிரான்சிஸ்டர் வைக்கிறோம்னு வெச்சுக்கங்க. அந்தச் சிப் போட வேண்டிய கணக்கு இதுதான்.

இன்ஜின் நிமிஷத்துக்கு 5000 சுத்து. ஒரு சுத்துக்கு 12 மில்லிசெகண்ட். அதை 360ஆல வகுத்தா, ஒரு டிகிரிக்கு 33 மைக்ரோசெகண்ட் சொச்சம். மூணு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், அதனால 240 டிகிரிக்கு ஒரு பொறி. அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒண்ணு, செகண்டுக்கு 125.

சென்சார் உச்சிக்கு 60 டிகிரி முன்னாடி "இதோ வந்துட்டேன்"னு சிக்னல் குடுக்குது. நமக்குப் பொறி 25 டிகிரி முன்னாடி வேணும். 35 டிகிரி காத்திருக்கணும். 35ஐ 33.3ஆல பெருக்கினா 1.17 மில்லிசெகண்ட். அவ்ளோ நேரம் காத்திருந்து டிரான்சிஸ்டரை ஆஃப் பண்ணு. பொறி விழுந்துச்சு. வேகத்துக்கு எத்தனை டிகிரிங்கிறது ஒரு அட்டவணை. எட்டாம் வகுப்புப் புள்ளை போடுற கணக்கு.

16 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற சாதாரண எட்டு பிட் சிப்புக்கு ஒரு டிகிரி நேரத்துல 530 கடிகாரத் துடிப்புக்கு மேல கிடைக்குது. அதுக்கு இது ஏகப்பட்ட நேரம்.

இதை நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கலை. 2001லயே புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போன்னு ரெண்டு அமெரிக்கக்காரங்க 'மெகாஸ்குவர்ட்'னு ஒரு கிட்டு கொண்டு வந்தாங்க. பெட்ரோல் இன்ஜெக்ஷனையே கட்டுப்படுத்துற டப்பா, வாங்குறவன் தன் கையால சால்டர் பண்ணிக்கணும். அதுக்கப்புறம் ஆர்டுயினோ மெகா போர்டு மேல ஓடுற 'ஸ்பீடுயினோ' வந்துச்சு, எஸ்.டி.எம்.32 சிப்புல ஓடுற 'ரஸ்இ.எஃப்.ஐ.' வந்துச்சு. ரெண்டுக்கும் புரோகிராம் வெளிப்படையா கிடக்குது. யார் வேணா எடுத்துப் படிக்கலாம், மாத்தலாம். வெளிநாட்டுல பழைய வேன்காரங்க இப்படித்தான் வண்டியை உயிரோட வெச்சிருக்காங்க. இங்க நாம பேசுறது அதுல கால்வாசி வேலை. வெறும் பொறி மட்டும்.

'தொடாதே' கோஷ்டிக்கு

"சட்டம் என்ன சொல்லுது?" இது நல்ல கேள்வி, வாங்க. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு, பதிவுச் சான்றுல இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் முதல்ல சொன்னதுலருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லியிருக்கு. அதனால அனுமதி வாங்காம எரிபொருளை மாத்தாதே, வேற இன்ஜினைத் திணிக்காதே, உடம்பை வெட்டி ஒட்டாதே. ஒத்துக்கிறேன். இந்த டப்பா பதிவுச் சான்றுல இருக்கிற எந்த விவரத்தையும் தொடலை. அதே இன்ஜின், அதே பெட்ரோல், அதே கார்புரேட்டர்.

இதைக் கேக்குறவங்களைப் பாத்து நான் ஒண்ணு கேக்கணும். வீட்டு சமையல் சிலிண்டர்லருந்து திருட்டுத்தனமா கேஸ் புடிச்சு ஆம்னி ஓட்டுற கூத்தை உங்க தெருவுலயே பாத்திருப்பீங்க. அப்ப எங்க போச்சு இந்தச் சட்ட ஞானம்? சீட்டுக்குப் பின்னாடி குண்டு மாதிரி சிலிண்டரை வெச்சு ஓட்டினா 'சிக்கனம்'. நான் தீப்பெட்டி அளவு சிப்பு வெச்சா 'ஆபத்து'!

"புகை?" இதுவும் சரியான கேள்வி. பாரத் நிலை 2க்கு முந்தின பெட்ரோல் நாலு சக்கர வண்டிக்குப் புகைப் பரிசோதனையில கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள்ள, ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம்.முக்குள்ள இருக்கணும். பொறி ஒழுங்கா விழாத சிலிண்டர்லருந்து எரியாத பெட்ரோல் அப்படியே வெளிய போகும். தேய்ஞ்ச பாயின்ட் வண்டி நாறுறது அதனாலதான். துல்லியமா பொறி விழுந்தா அது குறையும். இதனால என் பழைய வேன் இன்னிக்கு வர்ற பாரத் நிலை 6 வண்டி மாதிரி சுத்தமாயிடாது, அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. கார்புரேட்டரோட எல்லை கார்புரேட்டரோட எல்லைதான். ஆனா ஓடத்தான் போற ஒரு வண்டி ஒழுங்கா ஓடட்டுமே.

இப்ப வருது பெரிய கேள்வி. "கம்பெனி பூட்டி வெச்ச டப்பாதான் பத்திரம். கண்டவன் கை வெச்சா ஊரே கெட்டுடும்."

2015 நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. அமெரிக்காவுல, வண்டியை வாங்கினவன் தன் வண்டிக் கம்ப்யூட்டரோட புரோகிராமை ரிப்பேருக்காகத் திறந்து பாக்கலாமா கூடாதான்னு காப்புரிமை அலுவலகத்துல விவாதம் ஓடிட்டிருந்துச்சு. அந்த ஜூலையில அங்க இருக்கிற சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஒரு கடிதம் போட்டுச்சு. அனுமதிச்சா ஜனங்க புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்துடுவாங்க, குடுக்காதீங்கன்னு. ரெண்டே மாசம். செப்டம்பர்ல அதே அமைப்பு ஃபோக்ஸ்வேகன் மேல குற்றம் சாட்டி நோட்டீஸ் விட்டுச்சு. டெஸ்ட் நடக்குதுன்னு கண்டுபிடிச்சு, அப்ப மட்டும் சுத்தமா ஓடி, ரோட்டுல வந்ததும் புகையைக் கக்குற மாதிரி, கம்பெனியே டப்பாவுக்குள்ள புரோகிராம் எழுதி வெச்சிருந்துச்சு! உலகம் பூரா சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டி. இந்தியாவுலயும் அந்த டிசம்பர்ல 3 லட்சத்துக்கு மேல வண்டியைத் திரும்பக் கூப்பிட்டுச் சரி பண்றோம்னு அறிவிச்சாங்க.

இது எப்படி வெளிய வந்துச்சுங்கிறதுதான் எனக்கு முக்கியம். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல ஒரு சின்னக் குழு, காருக்குப் பின்னாடி கருவியைக் கட்டிக்கிட்டு நிஜ ரோட்டுல ஓட்டி அளந்தாங்க. வெளியாளுங்க. "எங்களை நம்புங்க"ன்னு சொன்னவங்களை நம்பாம அளந்தவங்க. அந்த அக்டோபர்லயே ரிப்பேருக்காக வண்டியோட புரோகிராமைத் திறக்கலாம்னு காப்புரிமை விலக்கும் வந்துச்சு.

எல்லாக் கம்பெனியும் திருடன்னு நான் சொல்ல வரலை. பூட்டு இருக்கிறதாலயே உள்ள இருக்கிறது யோக்கியம்னு ஆகாதுங்கிறேன். திறந்து வெச்சாத்தான் தப்பு இருந்தா எவனாவது கண்டுபிடிப்பான்.

'சும்மா போடு பாஸ்' கோஷ்டிக்கு

சிரிச்சிட்டிருக்கீங்களா? இருங்க, உங்களுக்குத்தான் அடி ஜாஸ்தி. ஏன்னா 'தொடாதே' கோஷ்டிக்கு ஆயுதம் சப்ளை பண்றதே நீங்கதான். வீடியோவுல பிரெட்போர்டை டேஷ்போர்டு மேல செலோடேப் போட்டு ஒட்டி, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் "சக்சஸ் மக்களே"ன்னு கத்துறது வேலை இல்லை. வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது.

வண்டியில 12 வோல்ட்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான். செல்ஃப் அடிக்கும்போது 6, 7 வோல்ட்டுக்கு விழும். ஓடும்போது 14 வரும். ஆல்டர்னேட்டர் முழு வேகத்துல சார்ஜ் பண்ணிட்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் கழண்டுச்சுன்னா, அந்தக் கணத்துல லைன்ல 80, 100 வோல்ட் வரைக்கும் எகிறும். இதுக்கு 'லோட் டம்ப்'னு பேரு. இதுக்கு நடுவுல எந்தத் தடுப்பும் இல்லாம அந்த நீலக்கலர் போர்டை நேரா பேட்டரியில மாட்டுறீங்க. டி.வி.எஸ். டயோடுன்னு ஒண்ணு இருக்கு (சத்தியமா மோட்டார் சைக்கிள் கம்பெனி இல்லை). எகிறுற வோல்ட்டைத் தன் மேல வாங்கிக்கிட்டு சிப்பைக் காப்பாத்தும். அதோட ஒரு ஃபியூஸ், தலைகீழா மாட்டினா தடுக்க ஒரு டயோடு. எல்லாம் சேர்த்து ஒரு பிரியாணி விலை வராது. அதைப் போட மாட்டேங்கிறீங்க.

அடுத்தது புரோகிராம். லூப்புக்குள்ள பொறியோட நேரத்தைப் பாத்துக்கிட்டே, அதே லூப்புல ஒரு சென்சாரையும் படிக்கிறீங்க. ஆர்டுயினோவுல ஒரு அனலாக் ரீடுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிசெகண்ட். 5000 சுத்துல அது 3 டிகிரி. 9600 வேகத்துல லேப்டாப்புக்கு ஒரு எழுத்து அனுப்ப 1 மில்லிசெகண்ட். 31 டிகிரி! பஃபர் நிரம்பி புரோகிராம் காத்துக்கிட்டு நின்னுச்சுன்னா, "ஹலோ"ன்னு நீங்க அடிக்கிறதுக்குள்ள பொறி விழ வேண்டிய இடம் போயே போச்சு. தப்பான இடத்துல பொறி விழுந்தா என்ன? பின்னாடி போனா இழுவை இருக்காது, சூடாகும். அளவுக்கு மேல முன்னாடி போனா இன்ஜின் கடகடன்னு தட்டும், அப்படியே ஓட்டினா பிஸ்டன்ல ஓட்டை. பொறியை டைமர் ஹார்டுவேர்கிட்டயும் இன்டரப்ட்கிட்டயும் ஒப்படைக்கணும். மத்ததெல்லாம் மிச்ச நேரத்துல.

மூணாவதுதான் என்னைத் தூங்க விடாத விஷயம். புரோகிராம் தொங்கிப் போச்சுன்னு வைங்க, காயில் ஆன்ல இருக்கும்போது. 3 ஓம் காயில்னா 12 வோல்ட்டுக்கு 4 ஆம்ப், கிட்டத்தட்ட 48 வாட், நிக்காம. அரை ஓம் இருக்கிற புதுக் காயிலை எங்கயாவது கழட்டி மாட்டியிருந்தா 24 ஆம்ப் வரைக்கும் இழுக்கப் பாக்கும். அது புகைய ஆரம்பிக்கிற இடம் எது? இன்ஜின் சீட்டுக்கு அடியிலன்னு முன்னாடியே சொன்னேனே. பக்கத்துலயே கார்புரேட்டர், பெட்ரோல் ஹோஸ். மேல உக்காந்திருக்கிறது நீங்க, உங்க பக்கத்துல உங்க புள்ளை.

இதுக்கு வழி இருக்கு. சிப்புலயே வாட்ச்டாக்னு ஒரு காவல்நாய் இருக்குது. புரோகிராம் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள அதைத் தட்டலைன்னா சிப்பை ரீஸ்டார்ட் பண்ணிடும். அது போதாது. சிப்பே செத்தாலும் காயில் சில மில்லிசெகண்டுக்கு மேல ஆன்ல இருக்க முடியாத மாதிரி தனியா ஒரு சர்க்யூட் வேணும். ரெண்டும் இல்லாத டப்பாவை வண்டியில வெக்கிறவனை நான் ஹாபிக்காரன்னு ஒத்துக்க மாட்டேன்.

அப்ப எப்படித்தான் செய்யுறது?

நான் வெச்சிருக்கிற விதிகள் இவ்ளோதான். யாரும் ஃபாலோ பண்ணலாம், திட்டலாம்.

ஒண்ணு, பிரேக், ஸ்டீயரிங் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே. இக்னிஷன் நின்னா வண்டி நிக்கும், பாயின்ட் கருகினாலும் அதேதான் நடக்கும். பிரேக் நின்னா வண்டி நிக்காது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாதவங்க தயவுசெஞ்சு ரேடியோ செய்யுங்க.

ரெண்டு, திரும்பி வர வழி வெச்சுக்கோ. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டோட அப்படியே ஒரு பையில வண்டியில இருக்கணும். நடுரோட்டுல டப்பா படுத்தா, அரை மணியில பழைய ஏற்பாட்டுக்கு மாறி வீடு வந்து சேரணும்.

மூணு, செல்ஃப் அடிக்கும்போது கணக்கை நம்பாதே. ஒவ்வொரு கம்ப்ரெஷனுக்கும் இன்ஜின் முக்கி முக்கிச் சுத்தும், முந்தின சுத்து நேரத்தை வெச்சு அடுத்ததை ஊகிச்சா தப்பாகும். 400 சுத்துக்குக் கீழ, சென்சாரோட ஒரு விளிம்பு வந்ததும் நேரா பொறி விடு, அது உச்சிக்குப் பக்கத்துல இருக்கிற மாதிரி அமைச்சுக்கோ.

நாலு, ரோட்டரைப் பாரு. பழைய டிஸ்ட்ரிபியூட்டர்ல டைமிங் முன்னாடி போனாலும் பொறி விழுற நேரத்துல ரோட்டர் சரியான முனைக்கு நேராத்தான் நிக்கும். இப்ப பொறி மட்டும் 30 டிகிரி முன்னாடி போச்சுன்னா ரோட்டர் 15 டிகிரி தள்ளி நிக்கும். கவனிக்கலைன்னா பொறி பக்கத்து முனைக்குத் தாவும். நடுவாப்புல நிக்கிற மாதிரி அட்ஜஸ்ட் பண்ணு, இல்லைன்னா மூணு தனிக் காயில் போடு.

அஞ்சு, டப்பா சொல்றதை நம்பாதே. திரையில 10 டிகிரின்னு காட்டினா, டைமிங் லைட்டைப் புடிச்சு இன்ஜின்ல இருக்கிற குறியில 10 டிகிரி வருதான்னு கண்ணால பாரு. ஆயிரம் சுத்துல பாரு, மூவாயிரத்துல பாரு, சூடானப்புறம் பாரு.

ஆறு, வெயிலை மதி. மே மாசம் நிறுத்தி வெச்ச வேனுக்குள்ள இருக்கிற சூடும் சீட்டுக்கடியில இன்ஜின் சூடும் சேர்ந்தா, 85 டிகிரி கெப்பாசிட்டரெல்லாம் ரொம்ப நாள் தாங்காது. 105 டிகிரி சாமான் கேட்டு வாங்கு. டப்பாவை இன்ஜின் அறைக்கு வெளிய வை. ஜம்பர் ஒயரைத் தூக்கிப் போட்டுட்டு சால்டர் பண்ணு, கிரிம்ப் பண்ணு.

இதெல்லாம் ராக்கெட் சமாச்சாரம் இல்லை. ரிச்சி தெருவுல எலக்ட்ரானிக்ஸ் சாமான், புதுப்பேட்டையில சென்சாரும் காயிலும். பொறுமைதான் கடையில கிடைக்காது.

இதுல என்ன பெரிய விஷயம்?

"ரெடிமேடா எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டு கிடைக்குமே, வாங்கி மாட்டிட்டுப் போயேன்"னு கேக்குறாங்க. தாராளமா மாட்டுங்க, நல்லதுதான். என் பிரச்சினை வேற.

நம்ம தெரு மெக்கானிக் அண்ணனை எடுத்துக்கங்க. ஃபீலர் கேஜைக்கூடத் தேட மாட்டார், சத்தத்தை வெச்சே டைமிங்கைச் சொல்லிடுவார். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்புவார், இன்ஜின் வழிக்கு வந்துடும். அந்த அறிவு அவருக்கு எப்படி வந்துச்சு? மூடியைத் திறந்தா எல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. எடை நகர்றது தெரிஞ்சுது, பாயின்ட் பிரியறது தெரிஞ்சுது. யாரும் பாடம் எடுக்கலை, சாமானே பாடம் எடுத்துச்சு.

டப்பா வந்ததும் அவர் கை கட்டப்பட்டுச்சு. உள்ள என்ன இருக்குன்னு யாரும் சொல்லலை. "கோளாறா? கழட்டிப் போடு, புதுசு மாட்டு." இருபது வருஷ அனுபவத்தை ஒரு ஸ்பேனருக்குச் சமமாக்கிட்டோம். அவர்கிட்ட வேலை கத்துக்க வர்ற பையனுக்கு இன்னிக்குக் கத்துக்குடுக்க அவர்கிட்ட என்ன இருக்கு? போல்ட் எந்தப் பக்கம் திருப்புறதுங்கிறதைத் தவிர?

வீட்டுல செஞ்ச டப்பா இந்தப் பூட்டை உடைக்குது. இதுல சர்க்யூட் தெரியும், புரோகிராம் தெரியும். அட்டவணையில ஒரு எண்ணை மாத்தி, டைமிங் லைட்டுல பாத்து, "ஓஹோ, இதனாலதான் ஏத்தத்துல இழுக்கலையா"ன்னு அந்தப் பையன் புரிஞ்சுக்கலாம். அந்த 33 மைக்ரோசெகண்டை ஒரு தடவை தன் கையால அளந்து பாத்தவனுக்கு, நாளைக்கு எந்தப் புது டப்பாவைப் பாத்தாலும் பயம் வராது.

அதனால சக பதிவர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள்ல எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்க. அமெரிக்காவுலயும் பெங்களூர்லயும் உக்காந்து இதே சிப்புக்குத்தான் ஆணி புடுங்குறீங்க. வாரத்துக்கு ஒரு பதிவு தமிழ்ல எழுதுங்க. காயில் எப்படி வேலை செய்யுது, லோட் டம்ப்னா என்ன, வாட்ச்டாக்கை எப்படி எழுப்புறது. படத்தோட போடுங்க, சர்க்யூட்டை மறைக்காம போடுங்க, எது எரிஞ்சு போச்சுங்கிறதையும் சேர்த்துப் போடுங்க. ஐ.டி.ஐ. படிக்கிற ஒரு பையன் அதை செல்போன்ல படிச்சு, உங்க சர்க்யூட்டுல ஒரு தப்பு கண்டுபிடிச்சு உங்களையே திட்டுவான். அந்தத் திட்டுக்காகவே எழுதலாம்.

'தொடாதே'ன்னு சொல்ல வர்றவங்க, எதைத் தொடக் கூடாது, ஏன் தொடக் கூடாதுன்னு நம்பரோட சொல்லுங்க, கேட்டுக்கிறேன். 'சும்மா போடு'ன்னு சொல்ல வர்றவங்க மொதல்ல போய் ஒரு ஃபியூஸ் வாங்கிட்டு வாங்க.

டிஸ்கி: "சர்க்யூட்டைக் குடுங்க, அப்படியே மாட்டிக்கிறேன்"னு மெயில் அனுப்பப் போறவங்களுக்கு: குடுக்கிறேன். ஆனா மொதல்ல, 4000 சுத்துல ஒரு டிகிரிக்கு எத்தனை மைக்ரோசெகண்ட்னு பதில் எழுதி அனுப்புங்க. கால்குலேட்டர் வெச்சுக்கலாம் :-)